அரை மாத்திரை

நகர மன்றத்துக்குப் போன விண்ணப்பத்தில்
ஏழாவது கேள்வி:
‘ஒளி எத்தனை நேரம் எரியும்?’
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
என்று நிரப்பினேன்.
பொய் என்று அப்போதே தெரியும்.
கட்டத்துக்குள் அடங்கியது அவ்வளவுதான்.

கென்ட் ரிட்ஜில் எங்கள் ஆய்வுக்கூட மாடி.
அங்கிருந்து கிளமெண்டியில் ஒரு வீவக புளோக்கின் கூரைக்கு
ஆயிரத்து இருநூறு மீட்டர்.
அந்தக் கூரையில் ஒரு கண்ணாடி,
மடக்கு நாற்காலி, வாக்கிடாக்கி,
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ,
ஹஃபிஸா.
நடுவில் குழாய் இல்லை, கண்ணாடி இழை இல்லை.
துறைக்காரர்கள் கட்டற்ற வெளி என்பார்கள்.
வெட்டவெளி என்றால் போதாதா?
இந்தத் தீவில் அதற்கும்
மூன்று அனுமதிக் கடிதம்.

போவதைக் கோடு என்று நினைத்துவிடாதீர்கள்.
அது தட்டு.
உள்ளங்கை அகலம்,
என் தலைமுடியில் ஆறில் ஒரு பங்கு தடிமன்.
யாரும் இடிக்காவிட்டாலும்
போகப் போகச் சற்று அகலும்,
அது ஒளியின் சுபாவம்.
ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும்
மூன்று மீட்டர் இருட்டு.
நான் ‘ஹலோ’ என்று வாயெடுக்கும் இந்தக் கணத்தில்
எனக்கும் ஹஃபிஸாவுக்கும் இடையே
நானூறு தட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன.
அத்தனையையும் பிடித்து அடுக்கினால்
ஐந்து மில்லிமீட்டர் தேறாது.
ஒரு ரொட்டி பிராட்டா அதைவிடத் தடிமன்.

வெற்றிடமாக இருந்தால் தூங்கப் போயிருப்பேன்.
அங்கே எல்லா அலைக்கும் ஒரே நடை.
இது ஜூலை மாதத்துச் சிங்கப்பூர்க் காற்று,
துண்டைப் போலப் பிழியலாம்.
நீண்ட அலைகள் முந்துகின்றன,
குட்டை அலைகள் பின்தங்குகின்றன.
ஒரே அடியாகப் புறப்பட்டது
ஊர்வலமாகத் திரும்புகிறது,
நாற்பது மடங்கு நீளத்தில்.

“வந்துவிட்டதா?” என்றாள் ஹஃபிஸா.
வந்தது. ஆனால் கூட்டாக வரவில்லை.

இதற்கு வைத்தியம் உண்டு.
தாமதிக்கப் போகிறவர்களை
முதலில் அனுப்பிவிட வேண்டும்.
இரண்டு கீற்றணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக்
கூட்டினேன், குறைத்தேன்,
திருகியைத் தொட்ட விரலின் சூட்டுக்கே
திரையில் மேடு சரிந்தது.
கலைந்தே கிளம்பு,
போய்த் திரும்பும்போது ஒன்றாகு.

இரண்டே முக்காலுக்குச் சுமாத்திராக் காற்று அடித்தது.
மழைச்சட்டையைக் கழற்றிக் கண்ணாடிக்குப் போர்த்திவிட்டு
ஹஃபிஸா நனைந்தாள்.
அனுமதிக் கடிதத்தில் குடைக்கு இடமில்லை.
ஒன்றரை மணி நேரம்
நான் லேசரை அணைத்துவிட்டு
அவள் தும்மலை எண்ணினேன்.

விட்டபின் காற்று கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல
அசையாமல் இருந்தது.
ஐந்து மணிக்குத் திரையில் மேடு ஊசியானது.
நாற்பத்து மூன்று ஃபெம்டோ நொடி.
கிளம்பியது நாற்பது.
அந்த மூன்று எந்த மாடியில் மாட்டிக்கொண்டதோ,
தேடவில்லை.
ஹஃபிஸா நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது.

முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்
ஏழாவது கேள்வி நினைவுக்கு வந்தது.
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
லேசரின் வாயில், நொடிக்குப் பத்துக் கோடித் துடிப்பு,
துடிப்புக்கு நாற்பது ஃபெம்டோ,
மழை நேரம் கழித்து ஆறரை மணி.
இருட்டையெல்லாம் தள்ளிவிட்டால்
ராத்திரி முழுக்க எரிந்தது
நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கண் இமைத்தால் ஒரு மாத்திரை.
அதில் பாதி
ஒரு மெய்யெழுத்து.

எட்டு மணி நேரம் என்று பொய் எழுதியிருந்தேன்.
பையில் கிடந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்,
கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடித்துக் காட்டும் அட்டை.
நேற்று அதில் விழுந்தது
உயிர் ஏறாத எழுத்தின் தலையில் வைப்பதுபோல்
ஒரே ஒரு புள்ளி.